மூன்று கட்டை கீழே

ஜெரோமுக்கு அம்மா எழுதுவது. அன்புள்ள என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கவனிக்கத்தான் வேண்டும். மலையாளம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் தடவித் தடவித்தான் வரும். இருந்தாலும் நான் தமிழில்தான் எழுதுவேன், நீ தடவித் தடவியே படி. நேரில் பேசினால் சிரித்துச் சமாளித்துவிடுவாய். அதுவும் முடியாவிட்டால், எறணாகுளத்துக்குப் படகு போய்விடும் என்று செருப்பை மாட்டிவிடுவாய். கடிதத்தின் நடுவில் எழுந்து படகு பிடிக்க ஓட முடியாது. இதைப் படித்து முடித்ததும் பாடகர் குழுவில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டு. அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அதனால் நீயே மலையாளத்தில் சொல்லு. சொல்லும்போது எந்த இடத்திலும் சர்க்கரை தடவாதே. எனக்குத் தெரியாமல் போகும் என்று நினைக்காதே, நான் மதிலுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில் ஹாலில் உன் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஹார்மோனியம் முழங்குகிறது, கூடவே யாரோ தபலா தட்டுகிறார்கள். மலையாளத்தில் மங்கள விளக்கு, மணவாட்டி, முல்லைப்பூ என்று என்னவோ பாடுகிறீர்கள். பரவாயில்லையே, துள்ளலாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? மீன் சட்டியின் விளிம்பில் தாளம் வேறு போட்டேன். ஓர் அடி முடிந்து நாலு குரலும் ஒன்றாக இறங்கி நின்ற இடத்தில்தான் என் கையும் நின்றது. அந்த இறக்கம் எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகளிடம் பாட்டுப் படித்த நாளிலிருந்து தெரியும். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜனங்கள் வெறுங்காலோடு சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்ய வரிசையில் வரும்போது பாடுகிற பாட்டை, நீ தூக்கி உன் கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறாய். சுருதியை ஏற்றி, வேகத்தை ஓட்டமாக்கி, மேலே முல்லைப்பூவைச் சுற்றிவிட்டாய். மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பூனைக்கு நல்ல வேட்டை, எனக்குக் கஞ்சியும் ஊறுகாயும். என்னையே தாளம் போட வைத்தாய் பார், அதற்காகவே உன்னைச் சும்மா விடக் கூடாது.

அதோடு போயிருந்தால் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அப்புறம் இறக்கி வைத்திருப்பேன். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, இந்த நேரத்தில் எதற்கு என்று நினைத்திருப்பேன். ஆனால் இன்று காலையில் பத்ரோஸ் வந்தார். நம் குழுவின் அடிக்குரல், பஜாரில் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு அக்கரை வைப்பினிலிருந்து பாட வருகிற மனிதர், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், வாசலில் நின்று உட்காரமாட்டேன் என்கிறார். சாயா கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"டீச்சரே, ஒரு காரியம் பறயணும். தேஷ்யம் பிடிக்கக் கூடாது."

"காரியத்தைச் சொல்லுங்க. கோபப்படறதா வேண்டாமான்னு அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"கல்யாணத்தன்னைக்கு மோன் பீடத்துக்கு முன்னால நிக்குமல்லோ. அப்போ பாட்டுக்கு ஆரு கை காட்டும்? டீச்சர் காட்டும்னு மோன் பறஞ்ஞு."

"எந்தப் பாட்டுக்கு?"

"புதுப் பாட்டுக்கு. பெண்ணும் செறுக்கனும் உள்ளே வரும்போ பாடுற பாட்டு."

"அது புதுப் பாட்டா பத்ரோஸ்? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஞான் அப்பவே மோனோட பறஞ்ஞு டீச்சரே. இது துக்கவெள்ளிப் பாட்டாணு, டீச்சர் நம்மளக் கொல்லும்னு."

ஆக, உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீ வராமல் அவரை அனுப்பியிருக்கிறாய். பெற்றவளின் பாட்டை எடுத்து உருக்குலைத்துவிட்டு, அதற்குத் தாளம் சொல்லிக் கை காட்டவும் அவளையே வேலைக்கு வைத்திருக்கிறாய். அதையும் நீ கேட்கவில்லை, முடிவு செய்து சொல்லியனுப்பியிருக்கிறாய். பூசை மலையாளத்துக்கு மாறிய வருஷம் குழுவை உன் கையில் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கினேன். புதுச் சாமியாரிடமும் உன்னிடமும் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பெரிய வெள்ளிக்கிழமை அந்த ஒரு பாட்டு, லத்தீனில், என் கையில். வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் உன்னுடையது. அந்த ஒன்றையும் விட்டுவைக்க உனக்கு மனம் வரவில்லை.

அது என்ன பாட்டு என்று குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் தெரிந்துகொள்ளட்டும், இந்த இடத்தை உரக்க வாசி. நானூறு வருஷத்துக்கு முன்னால், உங்கள் ஹார்மோனியமெல்லாம் பிறப்பதற்கு வெகு முன்னால், வெறும் தொண்டைகளை மட்டும் நம்பி எழுதியது. சிலுவையில் தொங்குகிறவர் தம் ஜனங்களிடம் குறை சொல்கிறார். தாம் அவர்களுக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அதற்கு அவர்கள் செய்த கைம்மாறையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டுகிறார். ஒரு குறைக்கும் அடுத்த குறைக்கும் நடுவில் ஒரு சின்னப் பல்லவி வரும். அதில் குறை ஒன்றும் கிடையாது, கடவுளைப் பரிசுத்தர் என்று கூப்பிட்டு இரக்கம் கேட்பது மட்டும்தான். மேலே பாடகர் மாடத்தில் நிற்கிறவர்கள் அதைக் கிரேக்கத்தில் பாட, கீழே நிற்கிறவர்கள் லத்தீனில் பதில் பாடுவார்கள். இந்தப் பாட்டை வைத்துக்கொண்டுதான் நீ ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் அழைத்து வரப் போகிறாய். லத்தீன் யாருக்கும் புரியாது என்ற தைரியம். மருமகள் வாசல்படி மிதிக்கும்போதே மாமியார் எதிரில் நின்று, உனக்கு நான் என்னடி குறை வைத்தேன் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் காலமாவது கொடுக்க வேண்டாமா?

உன் நியாயங்களும் பத்ரோஸ் வழியாகவே வந்து சேர்ந்தன. பாவம், அந்த மனிதர் மூட்டையோடு மூட்டையாக இதையும் சுமந்து வந்தார். வார்த்தையை எடுத்துவிட்டால் மெட்டில் துக்கமே இல்லை, எல்லாம் மேஜர், கேட்கிறவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று சொன்னாயாம். சரிதான். மெட்டில் துக்கம் கிடையாது. இத்தனை வருஷம் அதைப் பாடிவிட்டு இன்றைக்குத்தான் அதைக் கண்டுபிடித்தாயா? கண்டுபிடித்தவன் ஏன் அப்படி என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். அழுகிற மெட்டில் குறை சொன்னால் கேட்கிறவன் பரிதாபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கோபமான மெட்டில் சொன்னால் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்துவிடுவான். இது இனிமையான மெட்டு. குரலை உயர்த்துவது கிடையாது, அலங்காரம் கிடையாது, ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி என்கிற விளையாட்டும் கிடையாது. நாலு குரலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு நிற்கும். அதனால் ஒரு சொல்லும் காதுக்குத் தப்பாது. கேட்கிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே இருக்காது.

இது உனக்குப் புரியாது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நீ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் தோப்பும்படிக்குப் போய் நாள் முழுக்க மீன்பிடிப் படகுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது? நான் விளக்குமாற்றோடு வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். நீ தூணைப் போல நின்றாய், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துறைமுகத்திலிருந்து உன் அப்பா வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் தட்டிலிருந்த மீனை முள் எடுத்து உன் சோற்றில் வைத்துவிட்டு, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லித் தந்தாங்க மோனே?" என்று கேட்டார். அவ்வளவுதான். நீ தேம்பித் தேம்பி அழுததில் சோறு முழுக்க உப்பாகிவிட்டது. அவர் குரலில் துக்கம் இருந்ததா, கோபம் இருந்ததா? ஒன்றுமே இல்லை. அந்தப் பாட்டின் குணம் அதுதான். என் விளக்குமாற்றால் ஆகாததை அவர் ஒரு கேள்வியில் செய்தார், அந்த வகையில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் எரிச்சல்தான். கல்யாணமாகப் போகிறவன், ஒன்று சொல்லிவைக்கிறேன். ஸ்டெல்லா உன்னிடம் கத்தினால் பயப்படாதே. மீனை முள் எடுத்து வைத்துவிட்டு மெல்லக் கேட்டால், அன்றைக்குப் பயப்படு.

பாட்டுத் தாளில் வேகம் எழுதியிருக்கவில்லை, அதனால் எப்படி வேண்டுமானாலும் பாடலாம் என்பது உன் அடுத்த நியாயம். எழுதியிருக்கவில்லைதான். அந்தக் காலத்தில் யாரும் எழுதவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனின் நாடி எப்படி அடிக்கிறதோ அதுதான் கணக்கு, அது எல்லோரிடமும் இருந்ததால் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. மீன் குழம்பு எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று நானும்தான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதற்காக நீ பச்சை மீனைத் தின்பாயா? நம் கோயிலில் நாடியைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருந்தது. சிலுவை முத்தி செய்ய வருகிறவர்கள் வழியில் முழந்தாளிட்டு முழந்தாளிட்டு வருவார்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பு போனவர்கள். அவர்கள் கீழே போய் மேலே எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதுதான் பாட்டின் வேகம். பாடுகிறவன் மூச்சுக்கும் வசதிக்கும் அதில் இடமில்லை.

ஒரு வருஷம் பத்ரோஸ் அந்தக் கணக்கை மீறினார். அப்போதெல்லாம் பெண்கள் பாடகர் மாடத்தில் ஏறக் கூடாது என்று பழைய சாமியார் தடை போட்டிருந்தார். நான் மாடிப்படியில் கடைசிப் படிக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, கையை மட்டும் கதவுக்குள் நீட்டித் தாளம் காட்டுவேன். உடம்பு படியில், கை மாடத்தில். கைக்கு ஆண் பெண் கிடையாது என்று அவர் நினைத்திருப்பார் போலிருக்கிறது. அன்றைக்குக் கூட்டம் அதிகம், மத்தியானம் ஆரம்பித்தது இருட்டுகிறவரை இழுத்தது, வைப்பினுக்குப் போகிற கடைசிப் படகு பத்ரோஸின் கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது. அடிக்குரல் கொஞ்சம் முந்தியது. அடிக்குரல் முந்தினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். கீழே வரிசையும் தன்னையறியாமல் வேகமெடுத்தது. கருவாட்டுக் கடைக்கார அம்மாள் ஒருத்தி முழந்தாளிலிருந்து அவசரமாக எழுந்து பக்கத்திலிருந்தவர்மேல் சாய்ந்துவிட்டாள். நான் கதவுக்குள் நீட்டிய கையால் தாளம் காட்டுவதை விட்டுவிட்டு பத்ரோஸின் முழங்கைச் சதையைப் பிடித்துத் திருகினேன். லத்தீனுக்கு நடுவில் "அம்மே" என்று ஒரு சொல் கூடுதலாகச் சேர்ந்தது, ஆனால் வேகம் சரியாகிவிட்டது. முடிந்ததும், "கடைசி போட்டு போயி டீச்சரே" என்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "நீந்திப் போங்க" என்றேன். உன் அப்பா அவரை வீட்டுக்கு அழைத்து வந்து, வேகவைத்த கப்பைக் கிழங்கும் மிளகாயும் கொடுத்து, முன்னறையில் படுக்க வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மனிதர் ஒரு முறைகூட முந்தியதில்லை. அவரையும்தான் நேற்று நீ ஹாலில் ஓட வைத்தாய்.

மூன்றாவதாக நீ சொன்னதை அவர் சொல்லவே மாட்டேன் என்றார். நான்தான் விடாமல் பிடுங்கினேன். "டீச்சரோட சுருதி ஒப்பாரிச் சுருதியாணு, கிணத்துக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருக்குன்னு மோன் பறஞ்ஞு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லோரும் சிரித்தார்களாம். அவர்கள் சிரிக்கட்டும், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நீயும் சிரித்திருக்கிறாய். பத்ரோஸ் போகிறவரை காட்டிக்கொள்ளவில்லை, அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அதையும் வாசி, விட்டுவிடாதே.

தாளில் அந்தப் பாட்டு மூன்று கட்டை மேலேதான் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தாளில் இருக்கிற உயரத்தில்தான் பாடியாக வேண்டும் என்று அந்தக் காலத்தில் கட்டாயம் கிடையாது, நிற்கிறவர்களின் தொண்டையைப் பார்த்துத்தான் சுருதி வைத்தார்கள். ஆனாலும் நான் ஆரம்பத்தில் தாளில் இருந்தபடியேதான் பாட வைத்தேன். மேல்குரலில் நீயும் மற்றப் பையன்களும், டெனர் வரிசையில் உன் அப்பா. அப்புறம் பெரிய வெள்ளிக்கு முந்தின அந்தத் தபசுக்காலம் வந்தது. துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம்தான் உன் குரலும் உடைய ஆரம்பித்தது. பயிற்சியில் மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் உன் தொண்டை கிறீச்சிட்டது, மற்றப் பையன்கள் சிரித்தார்கள். குரல் உடைகிற பையன் அந்த வருஷம் வாயை மூடிக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார வேண்டும், அதுதான் வழக்கம். நீ அடுப்படிக்கு வந்து நின்று, "அம்மா, அப்பாவும் இல்ல. நானும் பாடலன்னா நம்ம வீட்டுலேருந்து யாரு பாடுவா?" என்று கேட்டாய். நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். நான் எங்கே பாடுகிறவள்? நான் வெறும் கைதானே.

பெரிய வெள்ளிக்கிழமை ஹார்மோனியம் தொடக் கூடாது. மணிக்குப் பதிலாகக்கூட மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அதனால் ஆரம்பச் சுரம் என் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். அன்றைக்கு நான் படியில் நின்று மூன்று கட்டை இறக்கிக் கொடுத்தேன். பயிற்சி செய்த சுருதி அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும். குழு முழுக்கத் திரும்பிக் கதவைப் பார்த்தது. நான் கையை ஆட்டிவிட்டேன், அப்புறம் வேறு வழியில்லை, பாடினார்கள். உனக்கு எட்டாமல் போன இடமெல்லாம் எட்டுகிற இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. பாவம் பத்ரோஸ்தான் கீழே போகிற இடங்களில் குரல் வராமல் வெறும் காற்றை விட்டுக்கொண்டிருந்தார். நீ ஒரு கீறல் இல்லாமல் கடைசிவரை பாடினாய். முடிந்தபிறகு பத்ரோஸ் வந்து, "எந்து பற்றி டீச்சரே, என்ன ஆச்சு?" என்றார். சுருதி தவறிப்போச்சு என்றேன். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த வருஷம் நீ கீழ்க்குரலுக்கு மாறி உன் அப்பா நின்ற வரிசையில் போய் நின்றாய். நான் பழையபடி ஏற்றியிருக்கலாம். மனம் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டது. நீ கிணறு என்று சொல்லிச் சிரித்தாயே, அது உன் தொண்டை அன்றைக்கு நின்ற உயரம். உன் ஒருவனுக்காக ஒரு குழுவையே இறக்கினேன், ஒரு நல்ல மனிதரின் அடிவயிற்றைக் கலக்கினேன். சொல்லிக்காட்டுகிறாயே அம்மா என்பாய். ஆமாம், சொல்லிக்காட்டுகிறேன். அந்தப் பாட்டே சொல்லிக்காட்டுகிற பாட்டுதான். உனக்குப் பிடிக்காவிட்டால் அதை எடுத்திருக்கக் கூடாது.

ஸ்டெல்லாவுக்கு அந்த மெட்டு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் எடுத்தேன் என்று இன்னொரு சாக்கும் வந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். அவள் அந்த மெட்டை எங்கே கேட்டாள்? பெரிய வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று கேட்டாள். எப்போது உன் கண்ணில் பட்டாள்? அப்போதுதான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு குறையின் நடுவில் டெனர் வரிசைக் குரல் திடீரென்று இளைத்துப்போயிற்று. யாருக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பினால், நீ வாயைத் திறந்தபடி, பாடாமல், கைப்பிடிக்கு மேலே எட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறாய். முத்தி செய்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களில் முக்காடு நழுவிய ஒரு பெண். அன்றைக்கு நீ நேற்று ஓட்டிய வேகத்தில் நான் ஓட்டியிருந்தால், அவள் வாசலுக்கு வெளியே அன்றைக்கு எல்லோருக்கும் கொடுக்கிற பாகற்காய்ச் சாற்றைக் கைப்பு தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருப்பாள், நீ அவள் பின்னலைக்கூடப் பார்த்திருக்கமாட்டாய். உன் கல்யாணமே என் வேகத்தில் கூடி வந்ததுதான். கொஞ்சமாவது நன்றி வேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுக்கொள். கை காட்டுகிறேன். ஆனால் ஹார்மோனியம் மூடியிருக்க வேண்டும். தபலாக்காரரைச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வை, மாடத்தில் வேண்டாம். முல்லைப்பூவையும் மங்கள விளக்கையும் யார் எழுதினார்களோ அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடு. குறைகளை நான் பாட வைக்கமாட்டேன். அவற்றுக்கு வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்க ஆரம்பித்தால் இன்னும் நிறைய நாள் கிடைக்கும். நடுவில் வருகிற அந்தப் பல்லவியை மட்டும் பாடுவோம். மாடத்தில் கிரேக்கம், கீழே லத்தீன். பரிசுத்தர் என்று கூப்பிட்டு இரக்கம் கேட்பது கல்யாணத்துக்குப் பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது. நான் இரக்கம் கேட்காமல் கட்டிக்கொண்டேன், அதனால் சொல்கிறேன். லத்தீன் கூடாது என்று புதுச் சாமியார் முனகினால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். சுருதி என் சுருதி, வேகம் என் வேகம். சம்மதமில்லை என்றால் நீயே வந்து என் முகத்துக்கு நேரே சொல்லு, இன்னொரு முறை பத்ரோஸை அனுப்பினால் அவருக்கு மட்டும்தான் சாயா கிடைக்கும், உனக்கு இந்த வீட்டில் ஒன்றும் கிடைக்காது.

வாசலிலிருந்து பீடம்வரை பாட்டின் வேகத்திலேயே நட. ஸ்டெல்லாவுக்கும் சொல்லிவை, புடவை தடுக்கினால் நின்று சரிசெய்துகொள்ளட்டும், நாங்கள் காத்திருப்போம். பாட்டு முடிவதற்குள் பீடத்தை எட்டிவிட்டாயானால் நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன், நீ அங்கேயே நின்று விழிக்க வேண்டியதுதான். செய்வேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும். ஊரில் மற்றத் தாய்மார்களெல்லாம் பிள்ளையின் கல்யாணத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு நீ மாடத்தில் வேலை கொடுத்திருக்கிறாய். அங்கே நின்றால் பீடத்தை நோக்கிப் போகிறவனின் முதுகுதான் தெரியும். அதையாவது நான் ஆசைதீரப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போடா.